பழைய நெக்ஸஸ் 7: ப்ராசஸரை எந்த மோடில் ஓட்டுவது?

நெக்ஸஸ் 7 டேப்லெட்டில் லினியேஜ் ஓஎஸ் ஏற்றியவர்கள் சீக்கிரமே வந்து நிற்கும் இடம், ப்ராசஸர் அமைப்புகள். ‘பெர்ஃபாமன்ஸ்’ என்று ஒரு மோட் கண்ணெதிரே இருக்கும்போது அதைத் தட்டிப் பார்க்க யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? ஒவ்வொரு மோடையும் போட்டு, படிப்பது, வீடியோ பார்ப்பது, பிரவுசரை மேய்வது என்று வழக்கமான வேலைகளுக்கே பயன்படுத்திப் பார்த்தேன். வேகத்தைக் கூட்ட இந்த அமைப்புகள் பெரிதாக உதவவில்லை. ஆனால் சூட்டைக் குறைக்கவும் சார்ஜைக் காப்பாற்றவும் நன்றாகவே உதவுகின்றன.

கருவி எப்படி?

கூகுளுக்காக அசூஸ் தயாரித்து 2013 ஜூலையில் வந்த இரண்டாம் தலைமுறை நெக்ஸஸ் 7 இது. குவால்காம் ஸ்னாப்டிராகன் எஸ்4 ப்ரோ, 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் நான்கு கோர்கள், 2 ஜிபி ரேம், 3950 எம்ஏஎச் பேட்டரி. ஏழு அங்குலத் திரையில் 1920 x 1200 பிக்சல். எழுத்துகள் இன்றும் கூர்மை. கூகுள் இதற்குக் கொடுத்த கடைசி ஆண்ட்ராய்ட் 6.0.1. அதற்கு மேல் போக கஸ்டம் ரோம்தான் வழி. நான் சோதித்தது ஆண்ட்ராய்ட் 7.1-ஐ அடிப்படையாகக் கொண்ட லினியேஜ் ஓஎஸ் 14.1. ப்ராசஸரை மாற்ற, ரூட் அனுமதியோடு இயங்கும் கெர்னல் அடியூட்டர் ஆப்.

கவர்னர் செய்யும் வேலை

ப்ராசஸர் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. இந்த டேப்லெட்டில் 384 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 1512 வரை பல படிகள் உண்டு. எந்த நொடியில் எந்தப் படியில் நிற்பது என்று முடிவெடுப்பது லினக்ஸ் கெர்னலில் உள்ள ‘கவர்னர்’. மோட் மாற்றுவது என்றால் பெரும்பாலும் இந்தக் கவர்னரை மாற்றுவதுதான். பட்டியலில் யார் யார் இருப்பார்கள் என்பது ரோமில் உள்ள கெர்னலைப் பொறுத்தது.

பெர்ஃபாமன்ஸ்: வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உச்சப் படியிலேயே நிற்கும். பிரவுசரில் கனமான பக்கங்கள் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் திறந்தன. மற்றபடி, சொல்லாமல் கையில் கொடுத்தால் கண்டுபிடிக்க முடியாத வித்தியாசம். முதுகுப்புறம் மட்டும் சீக்கிரமே சூடேறியது. சூடு எல்லை தாண்டினால் கெர்னலே வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால், நீண்ட நேரம் கேம் ஆடுபவருக்கு இந்த மோடின் லாபம் பாதியிலேயே கரைந்துவிடும்.

பவர்சேவ்: கீழ்ப்படியான 384-ஐ விட்டு நகராது. மின்நூலில் பக்கம் புரட்ட இதுவே போதும். ஆனால் கீபோர்டு எழுந்து வரவே யோசிக்கிறது. விரல் ஓரிடத்திலும் திரை ஓரிடத்திலுமாக ஸ்க்ரோல் இழுபடுகிறது. விந்தை என்னவென்றால், இந்த மோடிலும் சாதாரண எச்.264 வீடியோ ஓடியது. காட்சியை விரிக்கும் வேலையைச் செய்வது சிப்பில் உள்ள தனி டிகோடர். கோர்களுக்கு அதில் பங்கு குறைவு. பேட்டரி விஷயத்திலும் இந்த மோட் பெயருக்கேற்ற சிக்கனம் காட்டவில்லை. அரை நொடி வேலையை இரண்டு நொடி இழுத்தால், அந்த இரண்டு நொடியும் திரை எரிந்துகொண்டுதானே இருக்கும்? சட்டென்று முடித்துவிட்டு உறங்கப்போகும் ப்ராசஸர்தான் பல வேளைகளில் சிக்கனமானது.

கன்சர்வேட்டிவ்: படிப்படியாக ஏறும், படிப்படியாக இறங்கும். கேட்க நன்றாக இருக்கிறது. கையில் எடுத்தால், ஒவ்வொரு ஸ்க்ரோலின் தொடக்கத்திலும் ஒரு சின்னத் தடுமாற்றம். வேகம் ஏறி முடிக்கும்போது விரல் திரையை விட்டுப் போயிருக்கும்.

ஆன்டிமாண்ட், இன்டராக்டிவ்: வேலை வந்ததும் இரண்டுமே நேரே மேலே தாவும். இன்டராக்டிவ், தொடுதிரைக் கருவிகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. சுமையை அடிக்கடி அளந்து, இன்னும் முன்கூட்டியே எழுந்துகொள்ளும். அன்றாடப் பயன்பாட்டில் எனக்குப் பிடித்தது இதுதான்.

உண்மையான லாபம் எங்கே?

கவர்னரைவிடப் பயன் தந்தது உச்ச வேக வரம்பு. இன்டராக்டிவை அப்படியே விட்டு, உச்சத்தை மட்டும் 1512-லிருந்து 1134 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். வேகத்தில் சரியாகக் கால் பங்கு போய்விட்டது. படிப்பதிலும் வீடியோவிலும் அது தெரியவேயில்லை. சூடு மட்டும் நன்றாகக் குறைந்தது. காரணம் எளிது. ப்ராசஸர் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு ஏற்பக் கூடும். மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். மேல்படிகளுக்கு அதிக மின்னழுத்தம் வேண்டும் என்பதால், உச்சத்தைக் கால் பங்கு வெட்டினால், அந்த உச்சத்தில் ஆகும் செலவு கால் பங்கைவிட அதிகமாகவே இறங்கும்.

அப்படியானால் இந்த டேப்லெட் ஏன் அவ்வப்போது திணறுகிறது? ஆப் திறக்கும்போது காக்கவைப்பது பெரும்பாலும் பழைய ஃப்ளாஷ் சேமிப்பகம். ஆப் விட்டு ஆப் தாவும்போது எல்லாம் முதலிலிருந்து ஏறுவதற்குக் காரணம் 2 ஜிபி ரேம். இவற்றை எந்தக் கவர்னராலும் சரிசெய்ய முடியாது. சேமிப்பகத்தில் தாராளமாக இடம் விடுவதும், பின்னணியில் ஓடும் ஆப்களைக் களைவதும் கொடுத்த வேகத்தை பெர்ஃபாமன்ஸ் மோட் கொடுக்கவில்லை. திரை அணைந்த பிறகு சார்ஜ் வடிகிறதா? அங்கும் கவர்னரைக் குறைசொல்லிப் பயனில்லை. டேப்லெட்டை உறங்கவிடாமல் எழுப்பிக்கொண்டிருக்கும் ஆப் எது என்று பேட்டரிப் பட்டியலில் தேடுங்கள்.

மாற்றும் முன்

கஸ்டம் ரோம் ஏற்றுவதற்காகப் பூட்லோடரைத் திறந்தால் உள்ளே இருப்பது மொத்தமும் அழியும், முதலில் பேக்கப். ஆப்பில் ‘பூட் ஆகும்போதே அமல்படுத்து’ என்ற தேர்வை உடனே இயக்காதீர்கள். தவறான அமைப்பு என்றால் ரீஸ்டார்ட் செய்தாலே பழையபடி ஆகிவிடும் என்ற பாதுகாப்பு, அந்தத் தேர்வு அணைந்திருக்கும்வரைதான். இந்தச் சிப்பில் ஒவ்வொரு கோரும் தனித்தனி வேகத்தில் ஓடக்கூடியது. தேவையில்லாத கோர் அணைக்கப்பட்டும் இருக்கும். ஆகவே ஒரு கோரில் போட்ட மாற்றம் நான்கிலும் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் படியில் எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் ஆப்பே காட்டும். அதைப் பார்த்து முடிவெடுப்பது ஊகத்தைவிட நல்லது.

தீர்ப்பு

படிக்கவும் படம் பார்க்கவும் வைத்திருப்பவர்கள் இன்டராக்டிவ், உச்சம் 1134 என்று வைத்துக்கொள்ளலாம். கேம் ஆடுபவர்கள் உச்சத்தை 1512-லேயே விட்டுவிடுங்கள். கவர்னரை மாற்ற வேண்டியதில்லை. பெர்ஃபாமன்ஸ், பவர்சேவ் இரண்டும் சோதனைக்குச் சரி, தினசரிக்கு வேண்டாம். வேகம் போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ரூட் செய்ய நினைப்பவர்கள், முதலில் சேமிப்பகத்தைக் காலிசெய்து பாருங்கள். பலருக்கு அதற்கு மேல் தேவைப்படாது.