உளவுத்துறையும் தோட்டத்து மௌனமும்: ரிங்லெட்டில் நின்று ஒரு மதிப்பீடு

மலாயாவில் 1948 முதல் 1960 வரை நிலவிய அவசரகாலத்தைப் பற்றிய ஆய்வுகள் பல. அவற்றுள் உளவுத்துறையையே முதன்மைப் பொருளாகக் கொண்ட நூல் என்ற வகையில், லியோன் கோம்பர் எழுதிய 'மலாயாவின் இரகசியக் காவல்துறை' (2008) குறிப்பிடத்தக்கது. நூலாசிரியர் சிறப்புப் பிரிவில் பணியாற்றியவர். இவ்வணுக்கமே நூலின் வலிமை. அதன் எல்லையும் இதுவே எனலாம்.

உளவுப்பணியின் தொடக்கக்காலத் தடுமாற்றத்திற்கு நிறுவனக் குறைபாடே காரணம் என்பதை நூல் தெளிவாக நிறுவுகிறது. 1946இல் உருவான மலாயாப் பாதுகாப்புப் பிரிவு செய்தி திரட்டலாம். எவரையும் கைது செய்ய இயலாது. அவசரகாலம் அறிவிக்கப்பட்ட இரண்டு மாதங்களில், 1948 ஆகஸ்டில், அதுவும் கலைக்கப்பட்டது. அதன் பணியை ஏற்ற சிறப்புப் பிரிவு, 1952இல் டெம்ப்ளர் காலத்தில்தான் குற்றப் புலனாய்வுத் துறையினின்று பிரிந்து தனித்தியங்கியது. கிளர்ச்சியாளருள் பெரும்பான்மையினர் சீனர். சீனமொழி அறிந்த காவல் அதிகாரிகளோ மிகச் சிலர்.

ஆயின், தோட்டத் தமிழர் இந்நூலின் மையத்தில் இடம்பெறவில்லை. ரிங்லெட் வட்டாரத்தை எண்ணிப் பார்ப்போம். 1929இல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டத்தின் லயங்களில் தமிழர். காய்கறித் தோட்டங்களில் சீனர். காட்டோரங்களில் செமாய் மக்கள். லயத்தில் பிறக்கும் செய்தி தண்டல், கிராணி, துரை என்னும் படிகளைக் கடந்தே காவல் நிலையத்தை அடையும். படிதோறும் அச்சமும் தன்னலமும் அதனைத் திரித்துவிடக் கூடும். தொழிலாளி வெளிப்படையாகப் பேசுவதற்கு இருந்த வழி தொழிற்சங்கம். 1948இல் மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் பதிவிழந்தது. அதன் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். கூட்டத்தில் உரக்கச் சொல்லப்பட்டு வந்த குறைகளை, அதன்பின் ஒற்றர் வாயிலாக அறிய வேண்டிய நிலைக்கு அரசே தன்னை ஆளாக்கிக்கொண்டது. உளவுத்துறையின் தேவையை வளர்த்ததில் அவ்வரசின் அடக்குமுறைக்கும் பங்குண்டு என்னும் இக்கோணத்தை நூல் போதிய அளவு ஆராயவில்லை.

இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புவது புனைகதையே. அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' நாவல், கம்யூனிஸ்டுகளுக்கும் ஆட்சியினர்க்கும் இடையே சிக்கிய தமிழரைப் பேசுகிறது. காட்டிக்கொடுத்தவன் என்னும் ஐயம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை உளவறிக்கையில் தேட இயலாது.

எனவே, கோம்பரின் நூலை அதிகாரியின் சான்றாக ஏற்று, தொழிலாளியின் சான்றைத் தேடுவது நம் ஆய்வாளர் கடன். அன்று லயங்களில் சிறுவராயிருந்தோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். அவர்தம் வாய்மொழியைப் பதிவு செய்யாவிடில், ரிங்லெட்டின் வரலாறு காவல்துறைக் கோப்புகளின் வரலாறாகவே எஞ்சும்.