‘ஏறுவெயில்’ உணர்த்தும் இழப்பு

பெருமாள்முருகனின் முதல் நாவலான ‘ஏறுவெயில்’ 1991-இல் வெளிவந்தது. வீட்டுவசதிக் குடியிருப்புக்காக விளைநிலத்தைப் பறிகொடுத்த ஓர் உழவர் குடும்பத்தின் சிதைவே அதன் கதை. இழப்பீடாக வந்த பணம் உறவுகளை வாழவைக்கவில்லை, பிரித்தது. செல்வன் என்னும் சிறுவன் வழியே ஆசிரியர் இதனைக் காட்டியிருப்பது சிறப்பு.

நாவலின் பார்வை வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது, ஊர் திரண்டு நியாயம் கேட்கும் குரல் அதன் மையத்தில் இல்லை என்று குறை கூறலாம். ஆயின், பின்னாளில் எழுந்த அக்குரலின் காரணத்தை நமக்கு விளக்குவது இந்நாவலே அன்றோ!

2018-இல் 277 கிலோமீட்டர் நீளச் சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்கு நிலம் அளக்க வந்தபோது, பனமரத்துப்பட்டிக்கு அண்மையிலுள்ள பூலாவரி முதலிய ஊர்களின் உழவர்கள் அறவழியில் எதிர்த்து நின்றனர். பெண்களும் முன்வந்தனர். 2019 ஏப்ரல் 8-இல் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு மீண்டும் வழிவிட்டது.

“இழப்பீடுதான் தருகிறார்களே, ஏன் எதிர்க்க வேண்டும்?” என்று அன்று பலர் கேட்டனர். அவர்களுக்கான விடை ‘ஏறுவெயி’லில் இருக்கிறது. பணத்தால் ஈடுசெய்ய இயலாத இழப்பை அது உணர்த்துகிறது. கூடி நின்றோரின் கதையையும் இதே நேர்மையுடன் எழுதுவது நம் படைப்பாளர்களின் கடமை என்போம்.