ஒப்பாரியும் ஒலிப்பதிவும்

கொரோனாவில் இறந்தவர்களைப் பற்றித் தமிழில் வந்த கவிதைகளில், நான் படித்தவரையில், குரல் நிறைய இருக்கிறது. காற்றில் கரைந்த குரல், தேனாய் இழைந்த குரல், இருட்டில் அழைக்கும் குரல். அந்தக் குரல் என்ன சொல்லிற்று என்பது மட்டும் இல்லை. நான் எழுதிய ஒன்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் அக்கா சோழவந்தானில் இருந்தாள். 2021 மே மாதம் மதுரையில் ஒரு மருத்துவமனையில் இறந்தாள். பொதிந்து கட்டிய உடல் நேரே தத்தனேரிக்குப் போயிற்று. நாங்கள் நான்கு பேர் தள்ளி நின்றோம். ஒப்பாரி இல்லை. ஒப்பாரியை வெறும் சோகப் பாட்டு என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகப் படாது. அது இறந்தவரை எதிரே கிடத்தி, முகம் பார்த்துப் பேசுகிற பேச்சு. உரிமை கேட்கும், கணக்குத் தீர்க்கும், பழைய சண்டையை எடுக்கும். எதிரே உடல் இல்லையென்றால் அந்த வடிவத்துக்கு நிற்க இடமில்லை. 2020, 2021 இரண்டு சித்திரையிலும் அழகர் வைகைக்கு வரவில்லை, 2022இல் வந்துவிட்டார். பாடாமல் போன ஒப்பாரிக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது.

மிஞ்சியது வாட்ஸ்அப்பில் 26 நொடிக் குரல்பதிவு. வெற்றிலை இரண்டு கவுளி எடுத்து வைத்திருக்கிறாள். சனிக்கிழமை நான் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் ரயில் வருகிறது. ‘இருடா, ரயில் போகட்டும்’ என்கிறாள். பதிவை நிறுத்தவில்லை. நான் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல, ரயில் போகும்வரை பேசாமல் இருக்கிறாள். பிறகு கவுளிக்கு வருகிறாள்.

ஒப்பாரியில் நாம் பேசுகிறோம், இறந்தவர் மௌனம். இங்கே இறந்தவர் பேச, நாம் வாயடைத்துக் கேட்கிறோம். இந்தத் தலைகீழ் நிலையை நம் கவிதை இன்னும் நேராகப் பார்க்கவில்லை. பதிவு என்றால் நினைவு என்று சுலபமாக எடுத்துக்கொண்டுவிட்டது. என் அனுபவம் வேறு. முதல் சில மாதங்கள் அதைத் தினமும் பலமுறை போட்டுக் கேட்டேன். இன்று அக்கா என்னைத் திட்டிய குரல், ரகசியம் பேசிய குரல் எதுவும் காதில் எழுவதில்லை. அவற்றின் இடத்தில் 26 நொடி உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

எஸ். பி. பாலசுப்பிரமணியம் 2020 ஆகஸ்டில் மருத்துவமனைக்குப் போனபோது, லேசான தொற்றுதான், கவலைப்பட வேண்டாம் என்று வீடியோவில் பேசினார். செப்டம்பர் 25இல் இறந்தார். அவருடைய பாட்டுக்களை நிம்மதியாகக் கேட்க முடிகிறது. அந்தப் பேச்சைக் கேட்க முடியவில்லை. பாட்டு முடிந்துபோன காரியம். பேச்சில் அவர் இன்னும் வீடு திரும்பப்போகிறவர். பின்னால், அவர் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உண்டாக்கித் தெலுங்குப் படமொன்றில் அனுமதியின்றிச் சேர்த்ததாகக் குடும்பத்தார் சட்ட அறிவிப்பு அனுப்பிய செய்தி 2024இல் வந்தது. குரலின் இழையை இயந்திரம் பிடித்துவிடும். வரப்போகும் சனிக்கிழமையை அது நம்பாது.

நம் கவிஞர்கள் செய்வதும் ஏறக்குறைய இயந்திரத்தின் வேலைதான். இரைச்சலை நீக்கி இழையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கையறுநிலை என்று துறையே வகுத்திருந்த மொழி இது. பாரி மகளிர் பாட்டில் பாரியின் பெருமை ஒரு வார்த்தை இல்லை. ஒரு நிலவும் கைவிட்டுப்போன ஒரு குன்றும் இருக்கின்றன. துக்கத்தை விளக்க வேண்டியதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. என் கவிதையில் அக்காவின் குரலை நதி என்று எழுதியிருந்தேன். சோழவந்தானில் வைகை பெரும்பாலும் மணல்தான் என்பதுகூட அப்போது உறுத்தவில்லை.

அந்தக் கவிதையை நல்லதென்று சொன்ன நண்பர்கள் இந்தப் பக்கங்களைப் படிப்பவர்கள்தான். அவர்கள் அன்புக்காகச் சொன்னார்கள். அதை நான் இனித் தொகுப்பில் சேர்க்கப்போவதில்லை. அதில் ரயில் வரவில்லை.