அர்ராபிததுல் கலமிய்யா: சிதறிய ஏடுகளும் இலக்கிய நீதியும்

நவீன அரபு இலக்கிய வரலாற்றில் 'மஹ்ஜர்' எனப்படும் புலம்பெயர் இலக்கியத்திற்குத் தனியிடம் உண்டு. சிரியா, லெபனான் பகுதிகளிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய எழுத்தாளர்கள் நியூயார்க்கில் நிறுவிய 'அர்ராபிததுல் கலமிய்யா' எனும் எழுதுகோல் கழகமே அவ்விலக்கியத்தின் தலைவாயில். அதன் உறுப்பினர்கள் கிறித்தவர்களே ஆயினும், குர்ஆனின் மொழிக்கு அவர்கள் ஊட்டிய புத்துயிரை நம் அரபுக் கல்லூரிகள் மனமுவந்து பாடமாக்கியுள்ளன. ஆனால் அக்கழகத்தின் வரலாற்றை நாம் எவ்வழியில் பெற்றோம் என்ற கேள்வியை அரிதாகவே எழுப்பியிருக்கிறோம்.

வகுப்பறைகளில் நாம் சொல்லி வந்தது இதுதான்: 1920 ஏப்ரலில் கழகம் தோன்றியது, ஜிப்ரான் கலீல் ஜிப்ரான் தலைவர், மீகாயீல் நுஐமா செயலாளர், 1931 ஏப்ரல் 10இல் ஜிப்ரான் மறைய, மறு ஆண்டு நுஐமா லெபனான் திரும்ப, கழகம் கலைந்தது. இச்செய்திகள் பெரிதும் நுஐமா 1934இல் வெளியிட்ட ஜிப்ரான் வரலாற்று நூலின் வழியே பரவியவை. அதாவது, ஓர் அமைப்பின் வரலாற்றுக்கு நாம் ஒரே அறிவிப்பாளரைச் சார்ந்து நின்றோம்.

ஹதீஸ் கலை பயின்றோருக்கு இது உறுத்த வேண்டும். அறிவிப்பாளர் நேர்மையாளராய் இருப்பது மட்டும் போதாது. யாரிடமிருந்து அறிவிக்கிறாரோ அவரைச் சந்தித்தது உறுதிப்பட வேண்டும் என்பதில் இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். நுஐமாவின் நேர்மையில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அவர் எழுதியது நண்பர் ஒருவரின் வரலாறு; கழகத்தின் வரலாறு அன்று. ஜிப்ரானை அவர் தீட்டிய விதத்தையே அமீன் அர்ரைஹானி வெளிப்படையாக மறுத்தார் என்பதும் நினைவிற்குரியது.

மாற்றுச் சாட்சி எங்கே இருந்தது? நஸீப் அரீளா 1913இல் தொடங்கிய 'அல்ஃபுனூன்' இதழில் இருந்தது. 1916ஆம் ஆண்டு இதழ்களில் எழுத்தாளர் சிலரின் பெயர்களோடு கழக உறுப்பினர் என்ற குறிப்பு அச்சாகியிருக்கிறது. நுஐமா கல்வியை முடித்து நியூயார்க் வந்து சேர்ந்ததே அவ்வாண்டில்தான். ஆகவே 1920இல் நிகழ்ந்தது மறுசீரமைப்பே; முதல் வித்தை ஊன்றியவர்கள் அரீளாவும் 'அஸ்ஸாயிஹ்' இதழாசிரியர் அப்துல் மஸீஹ் ஹத்தாதும் ஆவர். பின்னாளில் கழகத்துக்கு வெளியே நின்ற ரைஹானியும் அம்முதல் வட்டத்தில் இருந்தவர்.

இது வெறும் ஆண்டுக் கணக்குத் திருத்தமன்று. இலக்கிய மதிப்பீட்டையே மாற்றுவது. முதல் உலகப் போர்க்காலப் பஞ்சத்தின் வேதனையில் அரீளா எழுதிய 'அந்நிஹாயா' கவிதை, அடிகளின் அளவைத் தளர்த்திப் பிற்காலப் புதுக்கவிதைக்கு முன்னோடியானது. ஆனால் பணமின்றி 1918இல் 'அல்ஃபுனூன்' நின்றது. அவருடைய கவிதைத் தொகுதி அவர் மறைந்த 1946ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. ஏட்டைக் காக்க வசதியற்றவர் வரலாற்றில் பின்னுக்குத் தள்ளப்பட்டார். நாமும் அவரை ஜிப்ரானின் நிழலில் ஒருவராகவே கற்பித்தோம். அது நம் குறையே.

கடிதங்களின் நிலையும் இவ்வாறே. ஜிப்ரானும் மேரி ஹாஸ்கலும் பரிமாறிய ஆங்கிலக் கடிதங்கள் அம்மையாரின் பேணுதலால் வடகரோலைனாப் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தன. 1972இல் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பும் வெளிவந்தது. கெய்ரோவில் வாழ்ந்த மய் ஸியாதாவுக்கு ஜிப்ரான் எழுதிய அரபுக் கடிதங்களை ஸல்மா அல்ஹஃப்பார் அல்குஸ்பரியும் சுஹைல் புஷ்ரூயீயும் 1979இல் பதிப்பித்தனர். மய் எழுதிய மறுமொழிகளோ பெரும்பாலும் கிட்டவில்லை. ஒரு குரல் மட்டும் கேட்கும் இவ்வுரையாடலைக் காதல் காவியமாக்கி மகிழும் விமரிசகர்கள், மய்யின் மௌனம் அவர் தேர்ந்ததன்று, ஏடுகள் தொலைந்ததால் நேர்ந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். கூர்த்த விமரிசகரான அவர், ஒருவரின் காதலியாகச் சுருங்கிப்போனது இதனாலேயே.

இன்று வடகரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கைருல்லாஹ் மையம், அமெரிக்க அரபு இதழ்களைத் தேடி மின்படிகளாக்கி வருகிறது. கடல் கடக்க இயலாத நம் மாணவரும் இனி மூல ஏடுகளைத் தொட வழி பிறந்துள்ளது. மஹ்ஜர் பற்றி ஆய்வேடு எழுதுவோர் பிற்கால நூல்களைத் தொகுத்துரைப்பதோடு நில்லாமல், இதழ்ப் பக்கங்களிலிருந்து தொடங்க வேண்டும். எவருடைய கடிதம் கிடைத்தது, எவருடையது கிடைக்கவில்லை, அதற்குக் காரணம் என்ன என்று முதலில் வினவ வேண்டும்.

அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு மார்க்கம் நம்மைப் பணிக்கிறது. மறைந்த எழுத்தாளனின் புகழும் ஓர் அமானிதமே. அரீளாவுக்கும் மய்யுக்கும் உரியதை அவர்களிடமே சேர்ப்பது, அவர்களைக் கற்பித்து வாழும் நம்மீதுள்ள கடன்.