வாட்டம் பார்க்காத பட்டறை

திருப்பாப்புலியூரில் புதிதாக ஒரு லேத்துப் பட்டறை கட்டினால் முதலில் முடிவாவது எந்திரம் நிற்கும் இடம். பிறகு மும்முனை மின்சாரம், ஷட்டர் அகலம், லாரி திரும்ப வழி. தளம் போட்டு, தகரம் வேய்ந்து, பெயிண்ட் அடிக்கிற நாளில்தான் “அந்த மூலையில ஒரு லெட்ரின் எடுத்துடுங்க மேஸ்திரி” என்ற பேச்சு எழும்.

பின்பக்கம் தனியாகக் கழிவறை கட்டுவதில் நியாயம் உண்டு. குழாய் சுவருக்கு வெளியே போவதால் அடைப்பு எடுக்கத் தளத்தை உடைக்க வேண்டாம். எந்திரத்தை இடம் மாற்றினாலும் அதற்கு இடைஞ்சல் இல்லை. நாற்றமும் வெளியோடு போகும். பிசகுவதெல்லாம் அதைத் தீர்மானிக்கிற நேரத்தில்தான்.

கணக்கு எளிது. 4 அங்குலக் குழாய்க்கு 60 அடிக்கு 1 அடியாவது வாட்டம் வேண்டும். 5 சென்ட் மனை, 30 அடி முகப்பு என்றால் ஆழம் ஏறக்குறைய 72 அடி. கழிவை உறிஞ்சும் லாரி வர வசதியாகத் தொட்டியைத் தெருப்பக்கம் வைத்தால், பின்மூலையிலிருந்து வரும் குழாய் வழியிலேயே 1 அடி இறங்கிவிடும். மேட்டுப்பூமியில் இது பொருட்டில்லை. கெடிலம் ஆற்றின் கரையை ஒட்டிய, கடல் பக்கத்து இந்த ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும். குழாய் இறங்கும் ஒவ்வொரு அங்குலமும் தொட்டியை அந்த நீருக்குள் தள்ளுகிறது. ஆகவே பேஸ்மென்ட் உயரத்தைக் குழாயும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். கடைக்கால் போடும்போது இதை மறந்ததற்கு அடையாளம், பல பட்டறைகளில் படியேறிப் போக வேண்டியிருக்கும் கழிவறை.

அடுத்தது உறைத் தொட்டி. சிமென்ட் உறைகளை இறக்கினால் வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் அடி பூசாத உறை செப்டிக் டேங்க் ஆகாது, அது உறிஞ்சுகுழிதான். 2015 வெள்ளம்போல நிலம் நிறைந்துவிட்டால் உள்ளிருப்பது கோப்பை வழியே எதிர்த்து வரும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2470, உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர், அதாவது 59 அடி, கேட்கிறது. மேற்சொன்ன மனையில் தொட்டி தெருப்பக்கம் என்றால் குடிநீர் போர்வெல் பின்மூலைக்குத்தான் போக வேண்டும். பக்கத்து மனைக்காரர் போர் எங்கே என்பதையும் எட்டிப் பார்க்க வேண்டும். போர் போட்ட பிறகு தொட்டிக்கு இடம் தேடினால் இந்த இடைவெளி கிடைக்காது.

கிரீஸ் கையைக் கழுவும் நீரையும் பலர் அதே தொட்டியில் விடுகிறார்கள். எண்ணெயும் சோப்புத்தூளும் சேர்ந்தால் கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தளர்ந்துபோகும். வெளியே ஒரு கழுவுதொட்டி, எண்ணெய் தேங்க ஒரு சேம்பர், தனி லைன் போதும்.

சட்டம் வந்து உலுக்கும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிவறை கேட்டது. மின்சக்தியோடு 10 பேர் வேலை செய்தாலே அது பொருந்தியது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தொழிற்சாலை என்பதற்கான அந்த எண்ணை 20 ஆக்கியது. நாலைந்து பேர் பட்டறை அன்றும் கணக்கில் இல்லை, இன்றும் இல்லை. கணக்கெழுத ஒரு பெண் சேர்ந்தால் அவர் வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது கழிவறையை உடனே கட்டப் பணமில்லாதவர், தளம் போடுமுன் ஒரு 4 அங்குலக் குழாயை வாட்டத்தோடு புதைத்து, முனைக்கு மூடி போட்டு வைக்கலாம்.