மெட்டும் வேற்றுமை உருபும்: மைசூர் யுவ தசரா குறித்து ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

மைசூர் தசரா விழாவின் ஒரு பகுதியாக இளைஞர்க்கென நடத்தப்பெறும் யுவ தசரா, 2024ஆம் ஆண்டு அக்டோபர் 6 முதல் 10 வரை நகரின் புறத்தே உள்ள உத்தனஹள்ளியில் நடைபெற்றது. ஸ்ரேயா கோஷல், ரவி பஸ்ரூர், பாத்ஷா, ஏ.ஆர்.ரகுமான், இளையராஜா ஆகியோர் அம்முறையே ஐந்து மாலைகளுக்கு உரியவராயினர். இத்தகைய நிகழ்ச்சிகள் கூட்டத்தின் அளவு, ஒலி ஒளி அமைப்பு, செலவு ஆகியவற்றைக் கொண்டே வழக்கமாக மதிப்பிடப்படுகின்றன. மொழி என்னும் கூறு மதிப்பீட்டிற்கு உள்ளாவது அரிது. கன்னட நாட்டின் பண்பாட்டு விழா ஒன்றில் இறுதி இரு மாலைகளும் தமிழ்த் திரையிசையில் புகழ்பெற்ற இருவர்க்கு அளிக்கப்பட்டமை மொழியியலார் கருதத்தக்க செய்தியாகும்.

பாடியோரின் திறமையைச் சீர்தூக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நிகழ்ச்சியின் அமைப்பே இங்குத் திறனாய்வுக்கு உரியது. ஒரு மாலைக்கு ஒரு கலைஞர் என்னும் அமைப்பு மொழிகளை அடுத்தடுத்து நிறுத்துகிறது. ஆனால் அவற்றுக்கிடையே பாடல் வழியாக நிகழ்ந்துள்ள கொடுக்கல் வாங்கலை மறைத்துவிடுகிறது என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

2. பின்புலம்

இளையராஜாவைத் தமிழிலிருந்து வந்த விருந்தினராக மட்டும் கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1976இல் அன்னக்கிளி வெளிவருவதற்கு முன்னர், ராஜ்குமார் நடித்த படங்கள் பலவற்றுக்கு இசையமைத்த ஜி.கே.வெங்கடேஷிடம் அவர் உதவியாளராகப் பணியாற்றினார். எனவே அவருடைய பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதி கன்னடத் திரையிசையோடு பிணைந்ததாகும்.

ராஜ்குமார் 1929இல் பிறந்த காஜனூர், சாமராஜநகர் மாவட்டத்தை ஒட்டியுள்ள தாளவாடிப் பகுதியில், இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. இதற்கு மறுதலையாக, சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் வட்டம் 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது கொள்ளேகால் அதன் பகுதியாயிற்று. ஆட்சி எல்லையும் மொழி எல்லையும் ஒன்றாக அமையாத இந்நிலப்பகுதியில் ஒருவர் இரு மொழிகளிலும் பாடல் கேட்டு வளர்வது இயல்பு. யுவ தசராவின் பார்வையாளரை ஒரு மொழியினர் என்றோ, வேறு வேறு மொழிக் குழுவினர் என்றோ கொள்வது ஆகையால் பொருந்தாது.

3. ஒரு மெட்டின் பயணம்

சங்கர் நாக் இயக்கிய கீதா என்னும் கன்னடப் படம் 1981இல் வெளிவந்தது. அதில் இளையராஜா அமைத்த மெட்டுகளுள் ஒன்று, ‘ஜொதெயலி’ என்னும் சொல்லால் தொடங்கும் பாடலுக்கு உரியது. அதே மெட்டு 1984இல் மணிவண்ணன் இயக்கிய நூறாவது நாள் என்னும் தமிழ்ப் படத்தில் ‘விழியிலே’ என்னும் சொல்லோடு தொடங்கியது. இரண்டையும் எஸ்.பி.பாலசுப்பிரமணியமும் எஸ்.ஜானகியுமே பாடினர், இருவருக்கும் தாய்மொழி தெலுங்கு. 2007இல் சீனி கம் என்னும் இந்திப் படத்தில் இம்மெட்டு மீண்டும் இடம்பெற்றபோது அதனைப் பாடியவர் ஸ்ரேயா கோஷல். அதாவது, யுவ தசராவின் முதல் மாலைக்குரிய பாடகியையும் இறுதி மாலைக்குரிய இசையமைப்பாளரையும் கன்னடத்தில் பிறந்த மெட்டொன்று முன்னரே இணைத்திருந்தது. நிகழ்ச்சி நிரலோ அவ்விருவரையும் வெவ்வேறு மாலைகளில் தனித்தனியே நிறுத்தியது.

4. ஒலியமைப்பும் உருபும்

இம்மெட்டின் கன்னட, தமிழ் வடிவங்கள் தொடக்கச் சொல்லிலேயே மொழியியல் ஆர்வத்தைத் தூண்டுகின்றன. ஜொதெ என்பது துணை, உடனிருப்பு எனப் பொருள்படும் பெயர். அதனோடு இடப்பொருள் உருபு சேர்ந்து ‘கூட, இணைந்து’ என்னும் பொருளைத் தருகிறது. தமிழில் விழி என்னும் பெயரோடு இடப்பொருள் உருபு சேர்ந்துள்ளது. அகராதிப் பொருளில் இரண்டுக்கும் தொடர்பில்லை. இலக்கண வகையில் இரண்டும் ஒன்றே.

இவ்வுருபுகளின் வடிவம் மேலும் கருதத்தக்கது. கன்னட எழுத்து வழக்கில் இவ்வுருபு ‘-அல்லி’. தமிழ் எழுத்து வழக்கில் ‘-இல்’. இவற்றைக் கொண்டு நோக்கின் ஜொதெயல்லி நான்கு அசைகளைக் கொண்டது, மூன்றாவது அசை மெய்யில் முடிந்து நீள்வது. விழியில் மூன்று அசைகளையே கொண்டு மெய்யில் முடிவது. (அசை என்பது இங்கு ஒலியியல் அசையைக் குறிக்கும், யாப்பிலக்கண அசையை அன்று.) இவ்விரு வடிவங்களும் ஒரே மெட்டில் அமைதல் கடினம். ஆனால் கன்னடப் பாடல் வழக்கு, இரட்டித்த லகரத்தைக் குறைத்து ‘-அலி’ என்னும் வடிவத்தை ஏற்கிறது. தமிழ்ப் பாடல் வழக்கு ஏகாரம் பெற்ற ‘-இலே’ என்னும் நீண்ட வடிவத்தை ஏற்கிறது. ஜொ-தெ-ய-லி, வி-ழி-யி-லே என நான்கு நான்கு அசைகளாக இரண்டும் ஒத்து நிற்கின்றன. ஒரு மொழி தன் உருபைச் சுருக்கியும் மற்றது நீட்டியும் ஒரே இசையளவில் வந்து சேர்கின்றன எனலாம்.

இது தற்செயலான ஒன்றன்று. இரு மொழிகளின் சொல்லிறுதி அமைப்பினின்று எழுவது. பழங்கன்னடத்தில் கண், பால், மீன் என மெய்யில் முடிந்த சொற்கள் பிற்காலத்தில் உயிரீறு பெற்றுக் கண்ணு, ஹாலு, மீனு என நிலைபெற்றன. இலக்கியத் தமிழ் மெய்யீற்றைக் காத்துக்கொண்டது. பேச்சுத் தமிழ் கண்ணு, பாலு, மீனு என உகரம் சேர்க்கிறது. பாடகர்க்கு உயிரீறு நீட்டுவதற்கு இடம் தருகிறது. மெய்யீறாயின் முந்தைய உயிரையே நீட்ட வேண்டும். ஆகையால் கன்னடப் பாடலாசிரியர்க்குக் கண்ணு என்பது பொதுவான வடிவம். தமிழ்ப் பாடலாசிரியர் கண் என்பதா, கண்ணு என்பதா எனத் தெரிவு செய்யும்போது அசையை மட்டுமன்றி, இலக்கிய நடையா பேச்சு நடையா என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார். இரட்டை வழக்கு என மொழியியலார் விளக்கும் நிலை, பாடலில் யாப்பு வசதியாகப் பயன்படுவதை இங்குக் காணலாம்.

5. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கன

நியூசிலாந்து அறிஞர் பீட்டர் லோ, பாடல் மொழிபெயர்ப்பை ஐந்து போட்டிகள் அடங்கிய விளையாட்டோடு ஒப்பிட்டார். பாடத்தகும் தன்மை, பொருள், இயல்புநடை, சந்தம், இயைபு ஆகிய ஐந்திலும் முழு வெற்றி இயலாது. ஒன்றில் சிறிது இழந்து மற்றொன்றில் பெறுவதே முறை என்பது அவர் கருத்து. மேற்கண்ட பாடல்களில் பொருள் ஏறத்தாழ முழுவதும் விட்டுக்கொடுக்கப்பட்டது. இவற்றை மொழிபெயர்ப்பு என அழைக்கலாமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. எனினும் அசை எண்ணிக்கை, ஈற்று உயிர், உருபின் இலக்கண வகை ஆகியவை ஒத்துள்ளன. சொற்பொருளைத் தவிர்த்து ஒலியமைப்பைப் பெயர்த்த ஆக்கம் என இதனைக் கொள்ளின், நம் மொழிபெயர்ப்பு ஆய்வில் இதுவரை போதிய இடம்பெறாத ஒரு பெரும் தரவுத் தொகுதி நம்முன் திறக்கிறது.

6. நிகழ்ச்சி அமைப்பின் குறை

இத்தகைய உறவுகள் மேடையில் புலப்பட வேண்டும் என எதிர்பார்ப்பது மிகையன்றோ எனச் சிலர் வினவலாம். திறந்தவெளியில் ஆடிப்பாட வரும் இளைஞர்க்கு உருபும் ஈறும் எதற்கு என்பது நியாயமான வினாவே. ஆனால் மேலைநாட்டு இசைநாடக அரங்குகளிலும் இதே வினா எழுந்ததுண்டு. 1983இல் கனடாவின் டொரன்டோவில் எலெக்ட்ரா நிகழ்த்தப்பட்டபோது, பாடப்படும் சொற்களின் மொழிபெயர்ப்பை மேடைக்கு மேலே வரியாகக் காட்டும் முறை தொடங்கப்பட்டது. இசையைக் குலைக்கும் என ஐயுற்றவர் இருப்பினும் அம்முறை உலகெங்கும் பரவியது. பாடுபவரின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டும் திரையின் அடியில் இரு மொழி வரிகளையும் கன்னட எழுத்தில் காட்டுவது இன்றைய தொழில்நுட்பத்திற்கு அரிதன்று. அதனினும் எளியது, ஒரு மாலையையேனும் கலைஞரின் பெயரால் அன்றி ஒரு மெட்டின் பெயரால் அமைத்து, அதன் கன்னட, தமிழ், இந்தி வடிவங்களை அடுத்தடுத்துப் பாடச் செய்வது.

இதன் தேவை 2025இல் வெளிப்பட்டது. தமிழிலிருந்து கன்னடம் பிறந்தது என்னும் கருத்துப்பட நடிகர் கமல்ஹாசன் மே மாதம் சென்னையில் கூறியதை ஒட்டி எழுந்த எதிர்ப்பால், ஜூன் மாதம் வெளியான அவருடைய தக் லைஃப் கர்நாடகத்தில் திரையிடப்படவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அப்படத்திற்கு இசையமைத்தவர், எட்டுத் திங்களுக்கு முன் உத்தனஹள்ளியில் வரவேற்கப்பட்ட ரகுமான். தமிழும் கன்னடமும் பொதுவான தென்திராவிட மூலத்தினின்று கிளைத்த உடன்பிறப்பு மொழிகள் என்பது மொழியியலார் அனைவரும் அறிந்தது. ஆனால் அது நூல்களிலும் வகுப்பறைகளிலும் அடங்கியிருக்கும்வரை, தாய் யார் மகள் யார் என்னும் வழக்கே பொதுமேடையில் ஓங்கும்.

7. முடிவுரை

யுவ தசரா ஐந்து மாலைகளில் பல மொழிப் பாடல்களுக்கு வழியமைத்தது பாராட்டத்தக்கது. ஆனால் பன்மொழி என்பது மொழிகளின் எண்ணிக்கை மட்டுமன்று; அவற்றுக்கிடையேயான உறவும் ஆகும். அவ்வுறவைக் கேட்போர் செவி முன்னரே அறியும். ஜொதெயலி, விழியிலே ஆகிய இரு சொற்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடக் கேட்கும் கொள்ளேகால் இளைஞர் ஒருவர், இரு மொழிகளும் ஒரே இடத்தில் ஒரே வகை உருபைக் கொண்டு நிற்பதை விளக்கமின்றியே உணர்வார். அதற்குப் பெயரிட்டு விளக்குவது மொழியியலாரின் கடன். அவ்விரண்டையும் ஒரே மாலையில் கேட்கச் செய்வது விழா அமைப்பாளரின் கடன்.