பிழைத்த கர்ணன்: 'தளபதி' திரைப்படமும் தமிழ்க் கர்ணன் மரபும்

முன்னுரை

மணிரத்னம் எழுதி இயக்கிய 'தளபதி' 1991ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்தது. ரஜினிகாந்த், மம்முட்டி ஆகியோரின் நடிப்பும், இளையராஜாவின் இசையும், சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவும் அப்படத்தை 30 ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் நினைவில் நிறுத்தியுள்ளன. சூர்யா கர்ணன், தேவராஜ் துரியோதனன், மாவட்ட ஆட்சியர் அர்ஜுன் அருச்சுனன், கல்யாணி குந்தி, சுப்புலட்சுமி திரௌபதி என்னும் ஒப்புமைப் பட்டியல் படத்தைப் பற்றிய பேச்சில் தவறாது இடம்பெறுகிறது. பட்டியல் பிழையற்றது; ஆனால், ஆய்வு தொடங்க வேண்டிய இடத்திலேயே அது முடிந்துவிடுகிறது. பாரதத்தில் கர்ணன் மாள்கிறான். திரைப்படத்தில் சூர்யா பிழைக்கிறான். உச்ச நட்சத்திரம் ஒருவர் இறப்பதை இரசிகர்கள் ஏற்கமாட்டார்கள் என்று இம்மாற்றத்திற்கு எளிதில் காரணம் கூறிவிடலாம். அம்மாற்றம் கதையமைப்பிற்குள்ளேயே படிப்படியாக உருவாவதையும், இறுதியில் படம் அதன் முழுப் பொருளை ஏற்கத் தயங்குவதையும் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் கர்ணனின் இறப்பு

வில்லிபுத்தூராரின் பாரதத்திலும், வட தமிழகத் தெருக்கூத்தில் நடிக்கப்பெறும் 'கர்ண மோட்சத்'திலும், பி. ஆர். பந்துலுவின் 'கர்ணன்' (1964) திரைப்படத்திலும் கர்ணனின் இறப்பே கதையின் உச்சம். தான் செய்த புண்ணியம் அனைத்தையும் தானமாக வார்த்தபின் அவன் வீழ்கிறான். அப்போதுதான் குந்தி போர்க்களத்திற்கு ஓடிவந்து, ஊரறிய அவனை மகன் என்று கூறி அழுகிறாள். அதற்கு முன் தனிமையில் நிகழ்ந்த சந்திப்பில் அவள் தாயுரிமை கோரியிருந்தாலும், உலகறிய ஒப்புக்கொள்வது அவன் உயிர் பிரியும் வேளையில்தான். எனவே, இம்மரபில் அங்கீகாரத்தின் விலை உயிர். தமிழ் அவையோர் கர்ணனுக்காகச் சிந்தும் கண்ணீர் இக்காலத்தாழ்வுக்காகச் சிந்தும் கண்ணீரே.

'தளபதி' இவ்விதியை மாற்றுகிறது. கல்யாணி தன் மூத்த மகனை அவன் உயிரோடிருக்கும்போதே தேடிவந்து ஏற்கிறாள். உண்மையைச் சூர்யாவிடம் முதலில் வெளிப்படுத்துபவர் கல்யாணியின் கணவர். அவர் பெயர் கிருஷ்ணமூர்த்தி என்பது கருதத்தக்கது. பாரதத்தில் கண்ணன் கர்ணனிடம் பிறப்பை வெளிப்படுத்துவது போரை ஒட்டிய அரசியல் சூழ்ச்சி. இப்படத்திலோ அது ஒரு குடும்பத்தலைவரின் மனச்சான்று. சூழ்ச்சி நீங்கியவுடன் கர்ணன் சாகவேண்டிய கட்டாயமும் நீங்கிவிடுகிறது.

தந்தையின் இன்மை

கறுப்பு வெள்ளையில் அமைந்த தொடக்கக் காட்சியில், மணமாகாத இளம்பெண் ஒருத்தி போகியன்று குழந்தையைப் பெற்று, சரக்கு ரயிலில் விட்டுவிடுகிறாள். குழந்தையின் தந்தை யார் என்பதைப் படம் இறுதிவரை சொல்வதில்லை. இதிகாசக் கர்ணனுக்குக் கவசமும் குண்டலமும் சூரியன் தந்தவை. சூர்யாவிடம் இருப்பதோ தாய் சுற்றிவிட்ட துணி மட்டுமே. தந்தை, சந்தோஷ் சிவனின் கதிரொளிச் சட்டகங்களில் ஒரு வெளிச்சமாக எஞ்சுகிறார். தெய்வத் தந்தையை நீக்கியதால், பிறப்பைப் பற்றிய கேள்வி புராணத்திலிருந்து சமூகத்திற்கு வந்துசேர்கிறது.

அக்கேள்வி கூர்மை பெறுவது சுப்புலட்சுமியின் கதையில். பிராமணக் குடும்பத்துப் பெண்ணான அவளைச் சூர்யாவுக்குக் கொடுக்க அவள் தந்தை மறுக்கிறார். பின்னர் அவள் அர்ஜுனுக்கு மணமுடிக்கப்படுகிறாள். இவளைத் திரௌபதியோடு மட்டும் ஒப்பிடுவது போதாது. கூத்து மரபில் கர்ணனின் மனைவி பொன்னுருவி, குலமறியாதவன் என்று கணவனை இகழ்பவள். பிறப்பு பற்றிய இழிவுரையை அவள் வாயாலேயே அவை கேட்கிறது. திரைப்படம் அவ்விகழ்ச்சியைத் தந்தையிடம் மாற்றி, பெண்ணை மௌனமாக்குகிறது. பொன்னுருவியோடு கர்ணன் வாதிட முடிந்தது. இங்கு வாதிட எவரும் இல்லை. மேலும், மறுக்கப்பட்டவனும் ஏற்கப்பட்டவனும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு, சொல்லிக்கொள்ள ஒரு தகப்பன் பெயர். கதையின் மிகக் கடுமையான இவ்வுண்மையை எந்தக் கதைமாந்தரும் வாய்திறந்து சொல்வதில்லை.

பத்மாவின் குழந்தை

இதிகாசத்தில் நேரிணை இல்லாத பத்மாவே இப்படத்தின் தனித்த படைப்பு. அவள் கணவன் ரமணா, தேவராஜின் ஆள். அவனைச் சூர்யா அடிக்க, அவன் இறந்துவிடுகிறான். பத்மா கைக்குழந்தையோடு ஆதரவற்று நிற்கிறாள். குற்றவுணர்வோடு வாழும் சூர்யா, பின்னர் அவளை மணந்து குழந்தைக்கும் தந்தையாகிறான். தந்தையறியாத ஒருவன், தன் கையால் தந்தையை இழந்த குழந்தைக்குத் தந்தையாகும் இவ்விடத்தில், கர்ணனை எடுத்து வளர்த்த அதிரதனின் இடத்திற்குக் கர்ணனே வந்துசேர்கிறான். பெற்றவர் யார் என்ற கேள்விக்கு, வளர்ப்பவர் யார் என்ற மறுகேள்வியே விடையாகிறது. சூர்யா உயிர்வாழ வேண்டியதன் நியாயம் இக்குழந்தையில்தான் உள்ளது. அவனும் இறந்தால் அக்குழந்தை இரண்டாம் முறை தந்தையை இழக்கும்.

நட்பும் இதே தளத்தில் வைத்து நோக்கத்தக்கது. துரியோதனன் கர்ணனுக்கு அங்க நாட்டைத் தந்தான். தேவராஜ் தருவது ஒரு பெயர். பாரதத்தில் துரோணர் வீழ்ந்தபின் 16, 17ஆம் நாட்களில் மட்டும் கர்ணன் வகித்த பதவி, இங்கு வாழ்நாள் முழுவதற்குமான அடையாளம். அர்ஜுன் தம்பி என்றறிந்தும் சூர்யா தன்னை விட்டு நீங்கவில்லை என்பதை உணரும் தேவராஜ், பகையைக் கைவிட முடிவுசெய்கிறான். இதிகாசத் துரியோதனனால் இயலாத மனமாற்றம் இது. அதன்பின் கலிவர்தனின் ஆட்களால் அவன் கொல்லப்படுவதால், கர்ணனுக்குரிய இறப்பைத் துரியோதனனே ஏற்றுக்கொள்கிறான்.

முடிவுரை

அர்ஜுன் மனைவியுடன் இடமாறிச் செல்ல, கல்யாணி சூர்யாவுடன் தங்கிவிடுகிறாள். உணர்ச்சி மிக்க இம்முடிவில் ஓர் இழப்பும் உண்டு. நண்பனும் மனைவியின் குழந்தையும் குருதித் தொடர்பின்றிச் சூர்யாவுக்கு வாழ்வளித்தவர்கள். எனினும் படம் தன் இறுதி நிறைவைப் பெற்ற தாயிடம் ஒப்படைக்கிறது. பிறப்பால் மனிதனை அளப்பது தவறென்று தொடங்கிய கதை, அவன் நல்ல குடும்பத்துத் தாயின் பிள்ளையே என்ற ஆறுதலில் முடிகிறது. வியாச பாரதத்திலும் கர்ணனின் கதை இம்முரணைச் சுமந்தே நிற்கிறது: தேரோட்டி மகனின் தகுதிக்காக வாதிடும் காவியமே, அவன் தேரோட்டி மகன் இல்லையென்றும் அறிவிக்கிறது. 'தளபதி' அம்முரணைத் தீர்க்கவில்லை. ஆயினும், பத்மாவின் குழந்தையைத் தூக்கி நிற்கும் சூர்யாவின் வழியாக, தீர்வு எங்கே இருக்கிறது என்பதைச் சுட்டிச் சென்றுள்ளது. நட்பின் காவியமாகப் போற்றப்படும் இப்படம், வளர்ப்பின் காவியமாகவும் வாசிக்கப்படவேண்டும்.